பாவாடைக் குடை

மதினியிடம் யாரும் சும்மா அலுத்துக்கொள்ள முடியாது. பஸ் வரவில்லை, செருப்பு அறுந்துவிட்டது, மாடியில் காயப்போட்ட துணி சாரலில் மறுபடி நனைந்துவிட்டது என்று எதையாவது வாய்விட்டுச் சொன்னால் போதும். தையல் மிஷினை மிதிக்கிற கால் நின்றுவிடும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்ப்பார்.

"ஒனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

எனக்கு மட்டும்தான் என்றால், "அப்பம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கிவிடுவார். எல்லாருக்கும்தான் என்று சொல்லிவிட்டால் அன்றைக்குத் தையல் ஓடாது.

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் சாப்பிடும்போது ஒரு பேச்சு பேசினீர்கள். தென்காசியில் என்ன இருக்கிறது, சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் எதுவும் செய்யமுடியும், இந்த ஊரில் எல்லாமே குறை என்று பெரியவள் சொன்னாள். சின்னவன் அதற்குத் தலையாட்டினான். ஆட்டோ ஓட்டும்போது யோசித்துக்கொண்டே போனதில் மதினி ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் எழுதுவது, பிழை இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நாம் இலத்தூரில் குடியிருந்தபோது அடுத்த வீட்டில் இருந்தவர். சொந்தம் எதுவும் கிடையாது. அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மதினி. உங்களுக்குப் பெரியம்மா முறை. பேரை எழுதப் போவதில்லை. எழுதியது தெரிந்தால் போன் போட்டு வைவார்.

அவர் கணவர் இறந்தபிறகு மதினிக்கு உள்பாவாடை தைக்கிற வேலைதான். கடைக்காரர்கள் துணியை வெட்டிக் கட்டாகக் கொடுத்துவிடுவார்கள், இவர் தைத்து நாடா கோத்துக் கொடுக்கவேண்டும். ஒரே ஒரு மகள். அந்தப் பிள்ளைக்கு நர்சிங் படிக்க ஆசை.

நான் சொன்னேனே, எல்லாருக்கும் கஷ்டம் என்றால் தையல் நின்றுவிடும் என்று. அப்புறம் என்ன செய்வார் என்றால், கஷ்டம் நடக்கிற இடத்துக்குப் போய் நிற்பார். அவ்வளவுதான். கக்கத்தில் ஒரு குடை, கையில் ஒரு மஞ்சள் பை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையாகப் பார்த்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நிற்பார். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, பஸ் போய்விட்டதே என்று சொல்வார்கள். போகட்டும் என்பார். அந்தப் பொம்பளைக்கு ஒரு மாதிரி என்று ஊரில் பேச்சும் இருந்தது.

யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். ஏன் கேட்கவில்லை என்று நான் ஒருதடவை கேட்டதற்கு, "கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாக கொழுந்தனாரே. மூஞ்சியத்தான் பாக்கணும்" என்றார்.

அப்படி அவர் முதலில் வந்து நின்றது எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில். காரணம் நான்தான். குற்றாலத்தில் சீசன் நேரம். குளித்துவிட்டுச் சொட்டச்சொட்ட வந்து ஏறுவார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, சீட்டு ஊறிப்போகும். அடுத்து ஏறுகிறவர் வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகிறவராக இருப்பார். இறங்கும்போது பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை முறைப்பார். இதை நான் வீட்டில் புலம்ப, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மதினி குரல் வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் வரை அந்தச் சாரலில் ஸ்டாண்டுக்கு எதிரே குடையோடு நின்றார்.

அடுத்த சில நாட்களில் எல்லா ஆட்டோவுக்கும் சீட்டு உறை வந்தது. கல்யாண மண்டபம், தெருமுனை என்று விசேஷம் முடிந்ததும் கழற்றிப் போடுகிற பிளக்ஸ் பேனர்தான். தண்ணீர் இறங்காது, துடைத்தால் போய்விடும். படம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, ஓரம் அடித்து, கட்டுவதற்குப் பாவாடை நாடா வைத்திருந்தார். ரொம்ப நன்றாக இருந்தது, ஒரு புதுமாப்பிள்ளையும் பெண்ணும் என் வண்டியில் ஏறுகிறவரை. நாடா அவிழ்ந்து உறை புரண்டு கிடந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் பெண் உட்காரப் போனவள் அப்படியே இறங்கிவிட்டாள். சீட்டில் பெரிய மீசை வைத்த ஒரு பெரியவர் கும்பிட்டபடி இருக்கிறார், மேலே கண்ணீர் அஞ்சலி என்று எழுதியிருக்கிறது.

நேராக மதினி வீட்டுக்குப் போய் அந்த உறையைத் தூக்கிப் போட்டேன். அவர் விரித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஒமக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விசாரித்ததில் இன்னும் சில வண்டிகளிலும் அதே பெரியவர் கை, கால், காது என்று பங்கு பங்காக இருந்தார். எல்லாவற்றையும் வாங்கிப் பிரித்துப்போட்டார். அதற்கப்புறம் காதுகுத்து, சடங்கு பேனர் மட்டும்தான் எடுப்பார்.

எல்லா இடத்திலும் ஏதாவது கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒருதடவை புளியறைக்கு ஒரு சவாரி போனபோது கூடவே வந்தார். கேரளா செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நிற்கும், டிரைவர்கள் பாவம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் சவாரியை இறக்கிவிட்டு, சாப்பிட்டு, வண்டியிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சோறு, டீ, குளிக்கத் தண்ணீர் எல்லாவற்றையும் அங்கே இருக்கிற ஓட்டல்காரர்கள் ஏற்கெனவே பார்த்துப்பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்றார். "அவங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், கண்ணசர ஒரு தூக்கம். அத நான் எங்கன போயி தைக்க?"

இனி உங்கள் அம்மா கதைக்கு வருகிறேன். இதில் அவளும் உண்டு.

பெரியவளே, நீ அப்போது அம்மா இடுப்பில் இருந்தாய். சின்னவன் பிறக்கவில்லை. அம்மாவுக்குப் பழைய குற்றாலத்தில் குளிப்பதென்றால் உயிர். ஆனால் அந்த வருஷம் ஒரு நாள் ஈரச்சேலையோடேயே இலத்தூர் வரை வந்து நடுங்கிப் படுத்துவிட்டாள். காய்ச்சல் விட்டதும், இனிமேல் அருவிப் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூட்டமான நாளில் உடை மாற்றுகிற அறைக்கு நிற்கிற வரிசை குளிக்கிற வரிசையை விட நீளம். மற்றவர்கள் மாதிரி வேன் மறைவில் போய் மாற்றலாம் என்றால், சுற்றிப் போர்வை பிடிக்க அவள்கூட ஒரு பெண் இல்லை. எனக்கு அக்கா தங்கச்சி கிடையாது, என் அம்மாவும் இல்லை.

கஞ்சி கொண்டுவந்த மதினி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒனக்கு மட்டுமா, எல்லாத்துக்குமா?" என்று கேட்டார்.

அம்மா போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "பொம்பளையாப் பொறந்த எல்லாத்துக்கும்தாங்க்கா."

பழைய குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு மாந்தோப்பு. சீசனில் வேன்களை அங்கேதான் நிறுத்துவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மதினி அங்கே நின்றார். திரும்பி வந்ததும் தோப்புக்கார அண்ணாச்சியைப் பிடித்து ஒரு மூலையைக் கேட்டு வாங்கிவிட்டார். மிஷினைத் தவிர வீட்டில் இருந்ததையெல்லாம் விற்று அடுத்த சீசனுக்கு அதில் போட்டார். உடை மாற்ற வாடகைக்கு விடுகிற தகர அறைகள். ஒவ்வொன்றுக்கும் உள்தாழ்ப்பாள், துணி மாட்டக் கொக்கி, முகம் பார்க்கக் கண்ணாடி. கண்ணாடி வைத்ததில் அவருக்குப் பெருமை. குளித்துவிட்டு வருகிறவளுக்குப் பொட்டு வைக்க வேண்டாமா என்பார்.

இதில் அவருக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. புளியங்குடியில் அவருடைய அண்ணன் எலுமிச்சை மண்டி வைத்திருந்தார். நல்ல மனுஷன், ஆனால் ஏலம் கூறிக்கூறி மெதுவாகப் பேசவே மறந்துபோனவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நர்சிங் எல்லாம் நம்மால் ஆகாது, இரண்டு பேரும் மிஷினில் உட்கார்ந்தால் கஷ்டம் தீர்ந்தது என்பது அவர் பேச்சு. இந்த ஒரு சீசன், ஆடி பாதி வரைக்கும் பார்க்கிறேன், ஆகவில்லை என்றால் நீங்கள் சொன்னபடி வருகிறேன் என்று மதினி அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மகள் அந்த வருஷம்தான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அம்மாவோடு தோப்புக்கு வந்து தகரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

சீசன் தொடங்கியது. நல்ல சாரல், நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். பெண்கள் வந்தார்கள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். கொக்கியைப் பார்த்தார்கள், கண்ணாடியைப் பார்த்தார்கள், தகரத்தில் ஆணி அடித்த ஓட்டையைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

மதினிக்குப் புரியவில்லை. ஓட்டைகளுக்கெல்லாம் மெழுகு வைத்து அடைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். அப்புறமும் அப்படியேதான். கடைசியில் ஒருநாள், சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கதவு வரை வந்து திரும்பினாள். வழக்கத்துக்கு மாறாக மதினி வாய்விட்டுக் கேட்டுவிட்டார், ஏன்மா என்று. அந்தப் பெண் தன்மையாகத்தான் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இப்ப எல்லார் கையிலயும் போனு இருக்கு. நாலு சொவத்துக்குள்ள எங்க என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க நல்லவங்களாத்தான் இருப்பீங்க. ஆனா எனக்கு உங்களத் தெரியாதுல்லா."

சொல்லிவிட்டு அவள் வேனுக்குப் பின்னால் போனாள். அவளுடைய நாத்தனார் ஒரு பழைய போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றாள். காற்றில் போர்வை பறக்கிறது. ஆனாலும் அந்தப் பெண் பயமில்லாமல் உடை மாற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

நான் அப்போது அங்கே சவாரிக்குக் காத்திருந்தேன். மதினி ரொம்ப நேரம் அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. மறைப்பு இல்லாததத்தான் பாத்தேன் கொழுந்தனாரே, துணி புடிச்ச கையப் பாக்காம விட்டுட்டேனே என்றார். மகள் தகரத்தைத் துடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மிஷின் ஓட ஆரம்பித்தது. சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் தைத்தது ஒரு பாவாடை. ஆள் உயரத்துக்கு மேல், நாலு பேர் சுற்றளவு, கெட்டியான கருநீலத் துணி. இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் நாடாவுக்குப் பதிலாக, வளைத்த பிளாஸ்டிக் குழாய். மேலே மூடுவதற்குப் பழைய குடைத்துணி. உச்சியில் ஒரு வளையம். அந்த வளையத்தை ஒரு மூங்கில் கம்பின் நுனியில் மாட்டித் தூக்கினால் துணி நாலு பக்கமும் தரையைத் தொட்டு நிற்கும். உள்ளே நுழைந்தால் சுவர் இல்லை, கொக்கி இல்லை, மூலை இல்லை. உதறிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கம்பை வெளியில் நின்று ஒரு ஆள் பிடிக்கவேண்டும், அதில்தான் எங்களுக்குச் சந்தேகம். ஸ்டாண்டில் ஒருவன், மாமரக் கிளையில் கட்டிவிட்டால் ஆள் மிச்சம்தானே என்று யோசனை சொன்னான்.

"கிளை என்ன அவளுக்கு மாமியாளா, நாத்தனாளா?" என்றார் மதினி. "சொந்தக்காரி கைதாம்ல புடிக்கணும்."

முதலில் அவர் கூப்பிட்டது உங்கள் அம்மாவைத்தான். அருவிப் பக்கமே வரமாட்டேன் என்றவள். மதினி வாசலில் வந்து நின்று, நீ குளிச்சு ஒரு வருஷம் ஆச்சு, கெளம்பு, நான் புடிக்கேன் என்றார். அம்மா உன்னை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுபேச்சு பேசாமல் மாற்றுச்சேலையை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் அருவியில் நின்ற நேரத்தைப் பார்த்து நான் பயந்தேபோனேன். குளித்துவிட்டுத் தோப்புக்கு வந்து, அந்தப் பாவாடைக்குள் போனாள். மதினி கம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மலைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அம்மா ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். உலர்ந்த சேலையில் தலையைத் துவட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, சுற்றி நின்ற வேன் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் வந்து துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், உதறினாள், உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் தன் மருமகளைக் கூப்பிட்டாள். கம்பை அந்த அம்மாளே வாங்கிக்கொண்டாள்.

பாவாடைக் குடை என்று பேர் வைத்ததும் அந்தப் பெண்கள்தான். அக்கா, ஒரு பாவாடைக் குடை குடுங்க என்று கூட்டத்தில் குரல் கேட்கும்போது வெட்கமாக இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். தாயும் மகளும் மேலும் சில தைத்து வாடகைக்கு விட்டார்கள், தகர அறைகளில் ஈரக் குடைகளைக் காயப்போட்டார்கள்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்குள் ஆடி பாதி ஓடிவிட்டது. கொடுத்த வாக்குப்படி புளியங்குடி அண்ணன் வந்துவிட்டார். சும்மா வரவில்லை, சாமான் ஏற்ற மண்டி வேனோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஆள் இல்லை என்று என்னை அழைத்துக்கொண்டு தோப்புக்கே வந்தார். வந்த இடத்தில், இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு முழுக்குப் போடாமல் போவதா என்று அவர் மனைவி கேட்க, இரண்டு பேரும் அருவிக்குப் போனார்கள். மதினி பாட்டுக்குக் குடைகளை உதறிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் மட்டும் அந்த மண்டி வேனைத் திரும்பித்திரும்பிப் பார்த்தாள்.

குளித்துவிட்டு வந்தார்கள். அண்ணன் மனைவி ஈரச்சேலையோடு நடுங்கிக்கொண்டு நின்றார். மகள் ஒரு குடையை விரித்து அத்தைக்கு மேலே கவிழ்த்தாள். நான் பிடிக்கிறேன் என்று மதினி கம்பை எடுத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அதை அப்படியே அண்ணன் கையில் கொடுத்தார்.

"நான் வேற குடை பாக்கணும், ஆளு நிக்காக. நீங்க புடிங்கண்ணே. சாய்ச்சிராதீய, சாய்ஞ்சா அடி தூக்கும்."

மண்டியில் மூட்டைக்கு நடுவில் நின்று அதட்டுகிற மனுஷன், இரண்டு கையாலும் கம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். காற்று ஒருபக்கம் தள்ளுகிறது, இவர் மறுபக்கம் இழுக்கிறார். ஈர வேட்டி காலில் ஒட்டுகிறது. முகத்தைத் திருப்பி மாமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமிக்குக் குடை பிடிக்கிற மாதிரில்லா நிக்காவ அண்ணாச்சி என்று எங்கள் ஸ்டாண்ட் பையன் ஒருவன் சொன்னான். அவருக்குக் கோபம் வந்தும், கம்பை விடமுடியாததால் பேசாமல் நின்றார்.

அவர் நின்ற இடத்திலிருந்து தோப்பு முழுதும் தெரியும். அங்கங்கே கருநீலக் குடைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாயோ, அக்காவோ, புருஷனோ மலையைப் பார்த்தபடி நிற்கிறார். குடைக்காகக் காத்திருக்கிறவர்கள் மதினியைச் சுற்றி நிற்கிறார்கள். மதினி ஒருத்திக்குத் துணியை உதறிக் காட்டுகிறார், இன்னொருத்திக்குக் கம்பு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார், யாரோ ஒரு பெண்ணுக்குப் பொட்டு ஒட்டிவிடுகிறார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் வந்தது. "ஏங்க, புடிச்சிருக்கீயளா?"

"புடிச்சிருக்கேன், நீ மெதுவா மாத்து" என்றார் அவர். அத்தனை மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அன்றைக்குத் திருப்பூர் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. மருமகளைக் கூப்பிட்டு, காலேஜ் எப்பம் தொறக்கு என்று மட்டும் கேட்டார். வேனில் எப்போதும் கிடக்கிற எலுமிச்சை மூட்டையில் ஒன்றை இறக்கி வைத்துவிட்டு, காலி வேனோடு ஊருக்குப் போனார். எலுமிச்சையை மதினி என்ன செய்தார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்டுச் சுடச்சுடத் தண்ணீர் கிடைத்தது.

மதினியின் மகள் படித்து முடித்து இப்போது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். மதினியும் அவளோடுதான். அங்கே எந்த மூலையில் போய் நிற்கிறாரோ தெரியவில்லை.

நம் ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். குறை நிறைய இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்ததடவை அலுத்துக்கொள்ளும்போது அந்த இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மதினி முதலில் தப்பாகப் பார்த்த மாதிரி நீங்களும் பார்க்கலாம். பரவாயில்லை, மறுபடி நில்லுங்கள்.

இந்தச் சீசனில் அந்தத் தோப்புப் பக்கம் சவாரி போனேன். இப்போது அங்கே வேறு வேறு ஆட்கள் குடை வைத்திருக்கிறார்கள். பச்சை, ரோஸ் என்று கலர் கலராக, ஜிப் எல்லாம் வைத்து. முதலில் தைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்கு மனசு கேட்காமல் அங்கிருந்தே மதினிக்குப் போன் போட்டேன். நீங்கள் கண்டுபிடித்ததை ஆளாளுக்குச் செய்கிறார்கள் மதினி, உங்கள் பேரைச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்றேன்.

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது.

"கம்ப யாரு புடிக்கா?" என்று கேட்டார்.

"அவங்க அவங்க வீட்டாளுகதான்."

"அப்பம் சரி" என்றார் மதினி. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.